உபயம் சுமந்த வண்டி

முக்திக்கு வழி கேட்டு குருவிடம் வருகிறவர்கள் உண்டு. மனம் அடங்க மந்திரம் கேட்டு வருகிறவர்களும் உண்டு. இருசாயி வந்தது டீசலுக்காக.

“சாமி, வண்டி ரொம்பக் குடிக்குது. அதோட குடியைக் குறைக்க ஒரு வழி சொல்லுங்க.”

குரு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மடத்துச் சமையலில் அந்த ஒரு வேலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

“எந்த வண்டி அக்கா?”

“எத்தனை வண்டி வெச்சிருக்கீங்க? நம்ம பிக்கப்புதான்.”

குருவுக்கு முப்பத்திரண்டு வயது. இருசாயிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. முந்தைய குரு பெரிய சாமி சமாதியாவதற்கு முன்னால் கைகாட்டிவிட்டுப் போனது இவரைத்தான். ஊர் இவரைச் சின்ன சாமி என்றது. இவரிடம் உபதேசம் வாங்கிக்கொண்டவர்களில் மூத்தவள் இருசாயி. உபதேசம் வாங்கிக்கொண்டாளே தவிர வாயைக் கட்டிக்கொள்ளவில்லை. புருஷன் போன பிறகு அவன் விட்டுச்சென்ற லாரியில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றி, ஜவ்வரிசி ஆலைகளுக்கு ஓட்டி, பிள்ளைகளைக் கரையேற்றியவள், இப்போது மடத்து வண்டியை ஓட்டுகிறாள். ஆலை வாசலில் எடை போடுகிறவனோடு தினமும் மல்லுக்கு நின்று பழகிய வாய். எதிரே இருப்பவர் குரு என்பதற்காக அது அடங்கிவிடுமா?

குரு அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவள் சண்டைக்கு வந்தாலும் அக்காதான்.

மடம் அத்திமலை அடிவாரத்தில் இருந்தது. பஸ் அங்கேயே திரும்பிவிடும். தார் ரோடும் அங்கே முடிந்தது. அதற்கு மேலே மண்பாதை, மலை மேலே மேல்கொட்டாய் என்று ஒரு ஊர். அந்த ஊருக்கு அரிசியும் மருந்தும் ஏறுவதும், அங்கிருந்து காய்ச்சல்காரர்களும் பலாப்பழமும் இறங்குவதும் மடத்து வண்டியில்தான். வெளிநாட்டில் இருக்கும் ஒரு பக்தர் கொடுத்த வண்டி. முன்னால் இரண்டு வரிசை இருக்கை, பின்னால் நீளமான தொட்டி, யானை மாதிரி ஒரு உடம்பு. வண்டியைக் கொடுத்தவர் அதன் தீனியைப் பற்றி யோசிக்கவில்லை. வாங்கியவர்களும் யோசிக்கவில்லை.

யோசித்தவர் காரியதரிசி தாண்டவராயன் ஒருவர்தான். நல்ல மனுஷன். மடத்தில் ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றினால் அவருக்கு வயிறு எரியும். மடத்துக் காசில் ஒரு காபி குடித்தவர் இல்லை. பெரிய சாமியின் காலைப் பிடித்துவிட்ட கை அது. ஆனால் நல்ல மனுஷர்கள் பிடிவாதம் பிடித்தால் கெட்டவர்களை விட மோசம்.

“காரியதரிசி ஐயா என்ன சொல்லிட்டாரு தெரியுமா?” என்றாள் இருசாயி. “குருபூஜைக்குள்ள வண்டியோட குடி குறையலைன்னா மலைக்குப் போகக் கூடாதாம். பங்க்குலயும் சொல்லி நிறுத்திட்டாரு. டேங்க்குல கெடக்குறதுதான் மிச்சம்.”

“வேற என்ன சொன்னாரு?”

“ஆளுங்களை ஏத்தாதேன்னாரு. ஆளு கூடுனா எடை கூடுதாம், எடை கூடுனா குடி கூடுதாம்.”

“சரியாத்தானே சொல்றாரு.”

இருசாயிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

“என்ன சாமி சரி? மேல்கொட்டாயில வெள்ளச்சிக்கு இது மாசம். போன தடவை அவளைத் தூளி கட்டித் தூக்கிட்டு வந்தாங்க. பாதி வழியிலயே புள்ளை போச்சு. இந்தத் தடவை வண்டி வரும், நான் வருவேன்னு அவ கையப் புடிச்சுச் சொல்லிட்டு வந்திருக்கேன். வண்டி நின்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அங்க போவேன்?”

குரு கீரைக்காம்பைத் தள்ளி வைத்தார்.

“நீங்க என்னென்ன பண்ணிப் பாத்தீங்க?”

“டயருக்குக் காத்து சரியா வெச்சேன். ஏர் ஃபில்டரை ஊதிச் சுத்தம் பண்ணேன். அடிச்சு மிதிக்கிறதை விட்டேன். எடை ஜாஸ்தின்னா ஏத்தறதில்லை. எறக்கத்துல எஞ்சினையே ஆஃப் பண்ணிடுறேன். ஒரு சொட்டுக் குடிக்காது.”

கடைசி விஷயத்தைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. கிழங்கு லோடு காலத்தில் மலை இறங்குகிற டிரைவர்கள் எல்லோரும் செய்த வேலை அது. அப்படி மிச்சம் பிடிக்கத் தெரியாதவனை அவர்கள் டிரைவராகவே மதிப்பதில்லை.

“நாளைக்கு நானும் வர்றேன்கா” என்றார் குரு.

“வந்து? நீங்க சைக்கிளே நேரா ஓட்ட மாட்டீங்க.”

“பக்கத்துல உக்காந்து வர்றதுக்கு ஓட்டத் தெரியணுமா?”

மறுநாள் காலை அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மேல்கொட்டாய் போனார்கள். வண்டி மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறியது. மூட்டைகளை இறக்கி, வெள்ளச்சியைப் பார்த்து, அவள் அம்மா கொடுத்த கேழ்வரகுக் களியைத் தின்றுவிட்டுக் கிளம்பினார்கள். வெள்ளச்சி வாசல் வரைக்கும் வந்து நின்றாள். வண்டியை ஒரு தடவை பார்த்தாள், இருசாயியை ஒரு தடவை பார்த்தாள். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

ஊர் எல்லையில் சடையன் நின்றிருந்தார். வயசான ஆள். காலடியில் இரண்டு பலாப்பழம். கையை நீட்டினார்.

இருசாயி நிறுத்தவில்லை.

“அவரை ஏன்கா ஏத்தலை?”

“எடை சாமி. இன்னிக்கு அவரை ஏத்துனா நாளைக்கு வெள்ளச்சிக்கு வண்டி இருக்காது. எனக்கு மட்டும் ஆசையா, கெழவனை விட்டுட்டு வர?”

குரு திரும்பிச் சடையனையே பார்த்தார். அந்தப் பார்வை அவளைச் சுட்டது. கண்ணாடியில் சடையன் பலாப்பழத்தை ஒவ்வொன்றாகத் தூக்கித் தோளில் வைப்பது தெரிந்தது. பார்க்காத மாதிரி வளைவில் திருப்பினாள்.

இறக்கம் தொடங்கியதும் நியூட்ரலில் தள்ளி, சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். சத்தம் நின்றது. வண்டி தன் பாட்டுக்கு உருண்டது.

“பாத்தீங்களா? ஒரு சொட்டு கெடையாது.”

இரண்டு வளைவுகள் அருமையாகப் போயின. மூன்றாவது வளைவைத் திரும்பினால் பாதை முழுக்க ஆடுகள். இருசாயி பிரேக்கை மிதித்தாள். கல்லை மிதித்த மாதிரி இருந்தது. ஸ்டியரிங்கும் இறுகிக்கொண்டது. எழுந்து நிற்காத குறையாக இரண்டு காலாலும் மிதித்து, கைபிரேக்கை இழுத்து, மலைப்பக்கமாக வண்டியை ஒடித்தாள். மண்மேட்டில் முட்டி வண்டி நின்றது. ஓர் ஆட்டுக்குட்டி முன்சக்கரத்தை முகர்ந்து பார்த்துவிட்டுப் போயிற்று. ஆடு மேய்த்தவன் வாயில் வந்தபடி திட்டினான். அவன் திட்டியதில் ஒரு வார்த்தை கூட மிகை இல்லை.

இருசாயி ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்தாள்.

“அக்கா, இப்ப டீசல் குடிச்சுதா?”

“இல்ல.”

“பிரேக்கு?”

“...புடிக்கலை.”

“ரெண்டையும் சேத்துல்ல மிச்சம் புடிச்சிருக்கீங்க.”

அவளுக்கு அழுகை வரப் பார்த்தது. அதைக் கோபமாக்கிக்கொண்டாள். “கிண்டல் பண்ணாதீங்க சாமி. வழி கேட்டேன். வழி தெரிஞ்சா சொல்லுங்க, இல்லன்னா வாயை மூடிக்கிட்டு வாங்க.”

“எனக்குத் தெரியாதே. வர்ற வழியெல்லாம் இந்தப் பெட்டியைத்தான் பாத்துக்கிட்டு வந்தேன்.” ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த சின்னத் திரையைக் காட்டினார். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று அந்தந்த நொடிக்கு எண் காட்டும் திரை அது. “எண் ஏறுனா கம்மியாக் குடிக்குதுன்னு நீங்கதான் ஒரு தடவை சொன்னீங்க. ஸ்டார்ட் பண்ணுங்க. கியர்ல போடுங்க. காலை மட்டும் எடுத்துடுங்க.”

கியரில் போட்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள். எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டே இறங்கியது. திரையில் எண் மளமளவென்று ஏறி, அதற்கு மேல் எண் இல்லை என்கிற இடத்தில் போய் நின்றது.

“இப்ப நியூட்ரல்ல தள்ளுங்க. அணைக்க வேணாம்.”

தள்ளினாள். எண் சரிந்தது.

இருசாயி திரையைப் பார்த்தாள். மறுபடியும் கியரில் போட்டாள். ஏறியது. நியூட்ரல். சரிந்தது. மூன்று தடவை செய்து பார்த்த பிறகும் நம்ப மனசு வரவில்லை. எத்தனை வருஷத்து வித்தை அது!

“சும்மா விட்டா, சும்மா இருக்கிறதுக்கே குடிக்குது” என்றார் குரு. “புடிச்சுக்கிட்டு எறங்குனா குடிக்கலை. ஏன்னு தெரியலை. ஆனா அப்படித்தான் காட்டுது.”

இருசாயியால் வெகுநேரம் தோற்றவளாக இருக்க முடியாது.

“சரி. எறக்கத்துக்கு வழி சொல்லிட்டீங்க. ஏத்தத்துக்கு?”

“ஏத்தத்துக்கு...” என்று இழுத்தவர், திரும்பிப் பின்கண்ணாடி வழியாகத் தொட்டியைப் பார்த்தார். மடம் வரும்வரை அப்படியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மடத்து வாசலில் வண்டி நிற்கும்போது டீசல் விளக்கு மஞ்சளாக எரியத் தொடங்கியிருந்தது.

குரு இறங்கி வண்டியைச் சுற்றி வந்தார். கோயிலைச் சுற்றுகிற மாதிரி மெதுவாக.

அந்த வண்டியைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. நம் மடங்களில் டியூப்லைட் கொடுத்தால் வெளிச்சம் தெரிகிறதோ இல்லையோ, கொடுத்தவர் பெயர் தெரிய வேண்டும். வண்டி மட்டும் விதிவிலக்கா? குருபூஜை ஊர்வலத்துக்காகத் தொட்டியின் நடுவே எவர்சில்வரில் ஒரு மண்டபம் எழுப்பியிருந்தார்கள். நாலு தூண், மேலே ஒரு கோபுரம், அதில் அரிசி ஆலை அதிபரின் பெயர். மண்டபத்துக்கு முன்னால் ஒரு கருங்கல் நந்தி, கல்குவாரிக்காரர் உபயம். வெண்கல மணி, பாத்திரக்கடைக்காரர் உபயம். கூம்பு வடிவ ஒலிபெருக்கிகள், முன்பக்கம் தடியான இரும்புத் தடுப்பு, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். ஊர்வலம் வருஷத்துக்கு ஒரு நாள். கழற்றினால் கொடுத்தவர் மனம் புண்படும் என்று யாரும் கழற்றவில்லை. எல்லாம் தினமும் மலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

வண்டியின் குடியைப் பற்றி ஊரெல்லாம் கவலைப்பட்டது. இதை யாரும் பார்க்கவில்லை. பார்த்தவர்களும் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

“இது யாரு அக்கா?” மண்டபத்துப் பெயரைத் தட்டிக் கேட்டார் குரு.

“அரிசி ஆலைக்காரரு.”

“தினமும் மேல்கொட்டாய் வர்றாரா?”

“அவரு எங்க வர்றாரு! அவரு பேரு வருது.”

“இவரு?”

“கல்குவாரி. அவரும் வர்றதில்லை. அவரு நந்தி வருது.”

சொல்லச் சொல்ல இருசாயிக்குப் பலாப்பழத்தைத் தோளில் வைத்த சடையன் கண் முன்னால் வந்தார். கல் நந்தி சொகுசாக உட்கார்ந்து வந்திருக்கிறது. கிழவன் நடந்து வந்துகொண்டிருக்கிறான். அவனை விட்டுவிட்டு வந்தது யார்? அவளேதான். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டே செய்திருக்கிறாள்.

“என்ன நடக்குது இங்க?” காரியதரிசி தாண்டவராயன் மடத்துக்குள்ளிருந்து வந்தார். தோளில் வெள்ளைத் துண்டு.

“எடை ஜாஸ்தின்னு நீங்க சொன்னீங்களாமே” என்றார் குரு. “எறக்கலாம்னு பாக்குறேன்.”

தாண்டவராயனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் வெளுத்தது.

“சாமி, இதெல்லாம் உபயம்! ஆளுங்களை எறக்கச் சொன்னேன், உபயத்தையா எறக்கச் சொன்னேன்? குருபூஜைக்கு வந்து அவங்கவங்க பேரைத் தொட்டுப் பாத்துட்டுப் போறவங்க. பேரு இல்லன்னா அடுத்த வருஷம் மடத்துக்கு உலை கொதிக்காது!”

“கொதிக்கலைன்னா கீரையை மட்டும் வதக்கித் தின்போம்.”

“விளையாடாதீங்க சாமி. இதுல கை வைக்க நான் விடமாட்டேன். நீங்க குருதான். ஆனா மடத்துச் சொத்துக்குப் பொறுப்பு நான்.”

அப்போதுதான் இருசாயியின் போன் அடித்தது. மேல்கொட்டாயில் சிக்னல் கிடைக்கிற ஒரே பாறை மேல் ஏறி நின்று வெள்ளச்சியின் புருஷன் கத்தினான். வலி வந்துவிட்டது. பனிக்குடம் உடைந்துவிட்டது. சீக்கிரம் வாங்கக்கா.

எல்லோருக்கும் கேட்டது. மடத்துச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். ஒருவர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். ஆம்புலன்ஸ் மடத்து வாசல் வரைக்கும் வந்து நிற்கும். மண்பாதையில் அது ஏறாது.

இருசாயி டீசல் விளக்கைப் பார்த்தாள்.

“இந்த டீசலுக்கு இத்தனையையும் தூக்கிட்டு வண்டி பாதி ஏத்தம்கூடத் தாங்காது.”

தாண்டவராயன் மடியிலிருந்து பணத்தை எடுத்தார். அவருடைய சொந்தப் பணம். “இந்தா இருசாயி. ஓடு. பங்க்குல போட்டுக்கிட்டுப் போ. சீக்கிரம்!”

“பங்க்கு டவுனுல இருக்கு ஐயா. நான் போயிட்டுத் திரும்புறதுக்குள்ள அங்க எல்லாம் முடிஞ்சுடும். போன தடவை மாதிரி.”

தாண்டவராயன் பணத்தைப் பிடித்தபடியே நின்றார்.

“அக்கா” என்றார் குரு. “ஸ்பேனர் எங்க?”

அதற்கப்புறம் குரு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டியில் ஏறினார். நாலு தூணுக்கும் அடியில் இருந்த போல்ட்டுகளைத் திருகினார். வராத போல்ட்டை இருசாயி சுத்தியலால் ஒரு போடு போட்டாள். கூட்டம் மண்டபத்தைத் தூக்கி வேலியோரம் வைத்தது. மணி கீழே விழுந்து ஒருமுறை ஓங்கி அடித்துவிட்டு அடங்கியது. ஒலிபெருக்கிகள் இறங்கின.

நந்தி அசைந்து கொடுக்கவில்லை. நாலு பேர் போதவில்லை.

“இன்னும் ரெண்டு பேரு வாங்கய்யா!”

வந்தவர்களில் சடையனும் இருந்தார். அப்போதுதான் மலையிலிருந்து குறுக்குப் பாதையில் நடந்து வந்து சேர்ந்திருக்கிறார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

“ஏம்மா, காலையில என்னை ஏத்தலை. இப்ப கல்லை எறக்க மட்டும் கூப்புடறியா?”

“ஆமாய்யா” என்றாள் இருசாயி. “நான் பண்ணது தப்பு. கெட்ட தப்பு. அப்புறமா நல்லா திட்டு. இப்ப கை குடு, வெள்ளச்சிக்கு வலி வந்துடுச்சு.”

சடையன் பலாப்பழத்தைக் கீழே போட்டுவிட்டு நந்தியின் வாலைப் பிடித்தார். நந்தி இறங்கியது. தொட்டி ஒரு சாண் மேலே எழும்பியது. அதைக் கண்ணால் பார்த்த கூட்டம் ஓவென்று கத்தியது.

“இரும்புத் தடுப்புக்கு நேரமில்லை, கெடக்கட்டும்” என்றார் குரு. ஸ்பேனரைப் பெட்டியில் போட்டார். “கெளம்புங்கக்கா.”

இருசாயி கிளம்பவில்லை. வண்டியின் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இன்னும் ஒண்ணு இருக்கு சாமி.”

ஓட்டுநர் இருக்கைக்கு மேலே, இரும்புச் சட்டத்துக்குள், கதவு அகலத்துக்குக் கண்ணாடி போட்டு, பெரிய சாமியின் படம். சட்டமும் கண்ணாடியும் சேர்ந்து ஒரு அரிசி மூட்டை எடை இருக்கும். குரு பட்டத்துக்கு வந்த வருஷம் அவரே வைத்தது. வரைகிறவனைத் தேடிப் பிடித்து, பக்கத்திலேயே உட்கார்ந்து, அந்தக் கண்கள் சரியாக வரும்வரை மூன்று தடவை அழித்து எழுத வைத்தார். தினமும் காலையில் அவரே துடைப்பார். கீழே சின்ன எழுத்தில் ‘சிஷ்யன் உபயம்’ என்று இருக்கும். பெயர் இல்லை. யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

“அது வேணாம்கா” என்றார் குரு.

“ஏன் வேணாம்?”

“அது... அவரு.”

“நந்தியும் நந்திதான். அதை எறக்கலையா?”

“அக்கா, நேரமாகுது.”

“ஆமா, ஆகுது. எல்லாரு பேரையும் எறக்கிட்டு உங்க பேரை மட்டும் சுமந்துக்கிட்டு இந்த வண்டி மலை ஏறாது. நான் ஓட்ட மாட்டேன்.”

குருவை எதிர்த்துப் பேசுகிற இருசாயியைக் கூட்டம் பார்த்திருக்கிறது. இப்படி வழிமறித்து நின்று பார்த்ததில்லை. உபதேசம் வாங்கிய வாயால் இதைச் சொல்கிறோமே என்று இருசாயியும் பயந்தாள். ஆனாலும் கண்ணைத் தாழ்த்தவில்லை. வெள்ளச்சியின் கையைப் பிடித்தது அவள் கை.

குரு அவளையே பார்த்தார். முகத்தில் கோபம் இருந்தது. பிறகு இல்லை.

ஸ்பேனரை மறுபடியும் எடுத்துக்கொண்டு கூரை மேல் ஏறினார். போல்ட்டுகளை அவரே கழற்றினார். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். சட்டத்தைக் கீழே இறக்கும்போது ஒரு மூலை நழுவியது. அதுவரை ஒதுங்கி நின்ற தாண்டவராயன் ஓடி வந்து தாங்கிக்கொண்டார். படத்தை வேப்பமரத்தடியில் மண்ணில் சாய்த்து வைத்தார்கள்.

இருசாயி ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். பக்கத்துக் கதவு திறக்கவில்லை.

“ஏறலையா சாமி?”

“நானும் ஒரு மூட்டைதானேக்கா” என்றார் குரு. “நீங்க போங்க.”

வண்டி ஏறியது. காலையில் ஏறிய அதே பாதையா என்று இருந்தது இருசாயிக்கு. முதல் வளைவில் பழக்கத்தில் அழுத்தி மிதித்தாள். வண்டி துள்ளிக்கொண்டு போயிற்று. காலைத் தளர்த்தி, எஞ்சின் கேட்கிற அளவுக்கு மட்டும் கொடுத்தாள். மஞ்சள் விளக்கு விடாமல் எரிந்தது. அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பாத்துக்க, பாத்துக்க என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினாள். சொன்னது வண்டியிடமா கடவுளிடமா என்று அவளுக்கே தெரியாது.

மேல்கொட்டாயில் வெள்ளச்சியைத் தொட்டியில் மெத்தை விரித்துப் படுக்க வைத்தார்கள். அம்மாவும் புருஷனும் ஏறிக்கொண்டார்கள். வெள்ளச்சி பல்லைக் கடித்துக்கொண்டு இருசாயியைப் பார்த்தாள்.

“வந்துட்டீங்க” என்றாள்.

“சொன்னேன்ல?”

இறக்கத்தில் இடது கை தானாகவே கியர் மேல் போயிற்று. நியூட்ரலுக்கு. பழகிய கை. தொட்டுச் சுட்டுக்கொண்ட மாதிரி எடுத்துக்கொண்டாள். கியரில் விட்டு, காலை எடுத்து, எஞ்சின் பிடித்த பிடியிலேயே வளைவு வளைவாக இறங்கினாள். ஆடுகள் இருந்த இடத்தில் இப்போதும் ஆடுகள் இருந்தன. பிரேக் பிடித்தது. பின்னால் வெள்ளச்சியின் அலறல் ஏறிக்கொண்டே வந்தது.

மடத்து வாசலில் ஆம்புலன்ஸ் பின்கதவைத் திறந்தபடி நின்றிருந்தது. வெள்ளச்சியைத் தூக்கி உள்ளே மாற்றினார்கள். கதவைச் சாத்தினார்கள். வண்டி கிளம்பும் என்று எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். கிளம்பவில்லை. உள்ளே யாரோ அதட்டினார்கள், யாரோ அழுதார்கள். சற்று நேரத்தில் இன்னொரு அழுகை கேட்டது. மெலிசான, கோபமான, யாருக்கும் கட்டுப்படாத அழுகை.

இருசாயி ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். வெட்கப்படவில்லை.

பெண் குழந்தை, தாயும் நன்றாக இருக்கிறாள் என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டு ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. சடையன் தன் பலாப்பழங்களில் ஒன்றை வேண்டுமென்றே சத்தம் வருகிற மாதிரி வண்டியின் தொட்டியில் வைத்துவிட்டுப் போனார்.

இருசாயி இறங்கி வந்தாள். குரு வேப்பமரத்தடியில் மண்ணில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தாண்டவராயன். தோள் துண்டால் படத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்கப் புழுதி படிந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை.

“அரிசி ஆலைக்காரரு மூணு தடவை கூப்புட்டுட்டாரு” என்றார் தாண்டவராயன். “அவரு கத்தட்டும், நான் சமாளிச்சுக்கறேன். என் கவலை அது இல்ல சாமி.” குரல் உடைந்தது. “பெரிய சாமியைக் கொண்டாந்து மண்ணுல வெச்சுட்டீங்களே. குருவை எறக்கிட்டு யாரை ஏத்துனீங்கன்னு நாளைக்கு ஊரே கேக்கும். நான் என்ன பதில் சொல்லட்டும்?”

குரு படத்தைப் பார்த்தார். பிறகு மலையைப் பார்த்தார்.

“பெரிய சாமி நடந்து வந்துருவாருங்க. அந்தப் பொண்ணால முடியாது.”